அலையா, முகப்பா? ஒளிமகுடத்தில் ஒரு பெயரின் வரலாறு

ஒன்றை அறிந்த பின்னரே அதற்குப் பெயரிடுகிறோம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும் அறிவியலில் பெயர் முந்திக்கொள்வதும் உண்டு. கதிரவனின் ஒளிமகுடத்தில் காணப்படும் பேரலைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முழுச் சூரிய மறைப்பின்போது கருவட்டத்தைச் சூழ்ந்து வெண்மையாய் ஒளிரும் கொரோனாவையே ஒளிமகுடம் என்கிறோம். அங்கு வெப்பநிலை பத்து இலட்சம் பாகையைத் தாண்டும். அங்குள்ள மின்னூட்டமுற்ற வளியாகிய பிளாஸ்மா, காந்தப்புலத்தோடு பிணைந்தே இயங்குகிறது.

1960இல் அமெரிக்க ஆய்வாளர் கெயில் மோர்ட்டன், சூரியச் சுடர்வெடிப்பிலிருந்து வில்போல் விரிந்தோடும் ஒரு முகப்பைப் பற்றி அறிவித்தார். ஒளிமகுடத்துக்குக் கீழுள்ள நிறமண்டலத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் விரைந்தது. அவ்வளவு வேகமான அலை நிறமண்டலத்தில் நெடுந்தூரம் செல்ல இயலாது. 1968இல் ஜப்பானிய அறிஞர் யுதாகா உச்சிடா இப்புதிரை விடுவித்தார். அலை மேலே ஒளிமகுடத்தில் பாய்கிறது. வளியழுத்தமும் காந்த அழுத்தமும் சேர்ந்து அதனை உந்துகின்றன. அதன் கீழ்விளிம்பு நிறமண்டலத்தில் பதிக்கும் சுவட்டையே நாம் காண்கிறோம் என்றார் அவர்.

மேலே பாயும் அலையைக் காணும் வாய்ப்பு, 1995 டிசம்பரில் சோஹோ விண்கலம் ஏவப்பட்டபின் வந்தது. அதிலிருந்த ஈ.ஐ.டி. என்னும் புறஊதாத் தொலைநோக்கி, 1997 மே 12 அன்று, வெடிப்பிடத்தைச் சுற்றி வளையமாய் விரியும் ஒளிமுகப்பைப் படம்பிடித்தது. ‘ஈ.ஐ.டி. அலை’ என்னும் பெயர் நிலைத்தது. பெயரின் முற்பகுதி கருவியைச் சுட்டியது. பிற்பகுதி பொருளின் இயல்பையே தீர்மானித்துவிட்டது.

தமிழில் ‘அலை’ என்னும் பெயர்ச்சொல் ‘அலைதல்’ என்னும் வினையோடு உறவுடையது. இயற்பியல் தரும் பொருளோ இறுக்கமானது. அலையில் ஊடகம் அசைந்து தன்னிடத்திற்குத் திரும்பும். அசைவு மட்டுமே பயணம் செய்யும். புதிய முகப்புகள் இவ்வரையறைக்கு எளிதில் அடங்கவில்லை. அவை பெரும்பாலும் நொடிக்கு 200 முதல் 400 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்றன. சில முகப்புகள் காந்தப்புல எல்லையில் அப்படியே நின்றுவிட்டதை 1999இல் தெலானே, ஒலானியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். 2002இல் சீன அறிஞர் சென் பெங்ஃபெய் குழுவினர் மாற்று விளக்கம் தந்தனர். வெடித்தெழும் பிளாஸ்மாத் திரள், தன்மேல் கவிந்த காந்தக் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து விரிக்கிறது. அவ்விரிவின் விளிம்பே மெதுவாய் நகரும் முகப்பாகத் தெரிகிறது. அதற்கு முன்னே உண்மையான விரைவலை ஒன்று ஓடவேண்டும் என்றனர்.

விரைவலையைக் காணப் பழைய கருவிக்கு ஆற்றல் போதவில்லை. அதன் படங்களுக்கிடையே பன்னிரண்டு நிமிடங்களோ அதற்கும் மேலோ கழிந்தன. நொடிக்கு 1,000 கிலோமீட்டர் செல்லும் அலை, பன்னிரண்டு நிமிடங்களில் 7,20,000 கிலோமீட்டர் கடந்துவிடும். இது கதிரவனின் ஆரத்தினும் மிகுதி. 2010இல் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. விண்கலமோ 12 நொடிகளுக்கு ஒருமுறை படமெடுத்தது. 2011இல் சென்னும் அவர்தம் உடனாய்வாளரும், ஒரே நிகழ்வில் முன்னே விரைமுகப்பும் பின்னே மெல்முகப்பும் செல்வதைக் காட்டினர். இதற்கிடையே, 2007 மே மாத நிகழ்வொன்றில் முகப்பு ஒளிமகுடத் துளையில் மோதித் திரும்பியதாக 2009இல் கோபால்சாமி குழுவினர் அறிவித்திருந்தனர். மோதித் திரும்புதல் அலையின் இயல்பாகும்.

ஆகவே, ஒரே பெயருக்குள் இருவேறு நிகழ்வுகள் அடங்கியிருந்தன எனப் பலரும் இன்று கருதுகின்றனர். ‘ஒளிமகுடப் பரவுமுகப்பு’ எனப் பொருள்படும் பெயரைச் சில ஆய்வாளர்கள் ஆள்வதும் இதனாலேயே. அது கண்டதை மட்டும் சொல்கிறது, காரணத்தைத் தீர்ப்பாக்குவதில்லை.

கலைச்சொல் ஆக்குவோரும் அதனை வகுப்பறையில் கற்பிப்போரும் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் வேண்டும். ஒரு சொல் காட்சியை விவரிக்கிறதா, காரணத்தை முடிவுசெய்கிறதா என மாணவர் வினவப் பழகினால், பாடநூலின் பெயர்களும் அவர்களுக்கு ஆய்வுப்பொருளாகும்.