யூ.எஸ்.பி. கருவிகளின் தன்னறிமுகம்

யூ.எஸ்.பி. வழியாக இணைக்கப்படும் கருவி, தான் எது, என்ன செய்யவல்லது என்பதைக் கணினிக்குத் தானே தெரிவிக்கும் முறை, 1996 சனவரியில் வெளியான முதல் வரையறையிலேயே இடம்பெற்றது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் அஜய் பட். பரோடாவில் பொறியியல் படித்தவர். அதற்கு முன் அச்சுப்பொறிக்கு ஒரு முனை, சுட்டிக்கு வேறொரு முனை. அமைவுகளையும் பல வேளைகளில் கையாலேயே செய்யவேண்டியிருந்தது.

முதல் அறிமுகத்தைச் செய்வது ஒரு சிறு மின்தடை. இரண்டு தரவுக் கம்பிகளுள் எதில் 1.5 கிலோஓம் மின்தடை உள்ளது என்பதைக் கொண்டே கருவியின் வேகத்தைக் கணினி அறிகிறது. பின்னர் கணினி கேட்க, கருவி 18 பைட்டு விவரக்குறிப்பை அனுப்பும். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் அதில் இருக்கும். 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்று அதற்கு முகவரியாகும். விசைப்பலகையா, நினைவகமா, எத்தனை மில்லிஆம்பியர் வேண்டும் என்பவை அடுத்தடுத்த குறிப்புகளில் வரும்.

கருவி சொல்வதைக் கணினி அப்படியே நம்பிவிடும் என்பதே இம்முறையின் எளிமையும் பலவீனமும். 2014இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகியோர் பென்டிரைவின் உள்நிரலை மாற்றி, அது தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளும்படி செய்து காட்டினர். கணினியும் அதன் 'தட்டச்சை' ஏற்றுக்கொண்டது.

டைப்-சி முனையிலும் மின்தடையே முதலில் பேசுகிறது: 5.1 கிலோஓம் இருந்தால் அது மின்சாரம் பெறும் கருவி. பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2023இல் தயாரிக்கத் தொடங்கிய ஐபோன் 15, இம்முனையைப் பெற்ற முதல் ஐபோன் வரிசையாகும்.