ஊரும் பெயரும் பிளாஸ்மிட்டும்: நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு வாசிப்பு

நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டுவது ஓர் அதிகாரச் செயல்பாடு. புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் ஏறத்தாழ எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத பாக்டீரியா கிடைத்தது. மருந்தை முறிக்கும் அதன் நொதிக்கு 'நியூடெல்லி' என்றே பெயர் வைத்தார்கள். 2010இல் 'லான்செட்' குழும இதழொன்றில் வந்த விரிவான கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. தேசத்துக்கு அவமானம் என்று கூச்சல். 2011இல் 'லான்செட்' ஆசிரியர் அந்தப் பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போன செய்தி ஒன்று உண்டு. சென்னையில் எடுத்த பாக்டீரியாக்களில் அந்த மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிச் சுலபமாக அடுத்த பாக்டீரியாவுக்குத் தாவியது. ஹரியானாவில் எடுத்தவற்றில் தாவவில்லை. 'இந்தியா' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வரலாறுகள். ஊரை வைத்து எழுதினால் இது தெரியாது.

பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பெருகும் டி.என்.ஏ. வளையம். 1952இல் பெயர் வைத்தவர் ஜோஷுவா லெடர்பர்க். ஜப்பானில் சீதபேதிக் கிருமி ஒரே சமயத்தில் நான்கு மருந்துகளுக்கு மசியாமல் போனபோது, அந்தத் திறன் இன்னொரு குடல் பாக்டீரியாவிலிருந்து மொத்தமாகக் கைமாறுவதை 1959இல் அங்குள்ளவர்கள் காட்டினார்கள். பரம்பரை என்றால் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு என்ற பெருங்கதையாடல் அங்கேயே உடைந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவனிடமிருந்தும் வரும்.

1970களின் தொடக்கத்தில் லண்டனில் நயோமி தத்தாவும் ஹெட்ஜஸும் இவற்றை வகைபிரித்த விதம் யோசிக்க வைப்பது. எது எதோடு சேர்ந்து வாழாது என்பதே அளவுகோல். இதற்கு 'இணங்காமை' என்று பெயர். உடனே சாதி ஞாபகம் வரும். நம்மாட்களுக்குக் கை பரபரக்கும். அவசரப்பட வேண்டாம். இங்கே விலக்கப்படுவது வேற்றாள் அல்ல, தன்னைப்போலவே இருப்பது. ஒரே பெருகல் கட்டுப்பாடு கொண்ட இரண்டு பிளாஸ்மிட்டுகளைச் செல்லால் பிரித்தறிய முடிவதில்லை. பிளவுபடும் தலைமுறைகளில் ஏதோ ஒன்று தற்செயலாக உதிர்ந்துபோகிறது. வேறு வேறு வகையானவை தகராறில்லாமல் ஒரே செல்லில் குடியிருக்கும். சாதியின் தர்க்கம் இதற்கு நேர் எதிரானது.

இரண்டாவது கேள்வி ஓம்புயிரி எல்லை: எந்தெந்த பாக்டீரியாவில் அது பிழைக்கும்? 1969இல் பர்மிங்ஹாம் தீக்காயப் பிரிவில் கிடைத்த பிளாஸ்மிட், தமக்குள் தூரத்து உறவுகூட இல்லாத பல பாக்டீரியாக்களில் பிழைத்தது. வேறு சில குடல்வாழ் பாக்டீரியாக் குடும்பத்தைத் தாண்டுவதில்லை.

சரி, இதுக்கும் நாமக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? கொலிஸ்டின். தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்றதெல்லாம் கைவிட்ட பிறகு கொடுக்கும் மருந்து. அதே மருந்து, கோழி எடை கூடட்டும் என்று இந்தியாவில் தீவனத்தில் கலப்பதற்கும் விற்கப்பட்டது. அதை முறிக்கும் மரபணு பிளாஸ்மிட்டில் பயணம் செய்வது 2015 நவம்பரில் சீனப் பன்றிகளிலிருந்து தெரியவந்தது. 2019 ஜூலையில் மைய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடைசெய்தது.

தடை சரியானதே. ஆனால் அது மருந்தின் பெயரைத்தான் பார்க்கிறது. அந்த மரபணு தாவும் துண்டாகப் பல இணங்காமை வகைகளில் ஏறியிருக்கிறது. சில வகைகள் அதை மட்டும் சுமக்கும். சில, கூடவே டெட்ராசைக்ளின் போன்றவற்றுக்கான எதிர்ப்பையும் சுமக்கும். அப்படிப்பட்ட பிளாஸ்மிட் இருக்கும் பண்ணையில் கொலிஸ்டினை நிறுத்திவிட்டு டெட்ராசைக்ளினைத் தொடர்ந்தால், நிறுத்தியதற்கான எதிர்ப்பும் உயிரோடே இருக்கும்.

அவற்றின் ஓம்புயிரி எல்லை குறுகியதுதானே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. பிளாஸ்மிட்டுக்கு ஓம்புயிரி பாக்டீரியாதான். கோழியோ மனிதரோ அல்ல. ஈ.கோலை கோழிக் குடலிலும் உண்டு, கூண்டுக்கடியில் எரு அள்ளும் கூலியாளின் குடலிலும் உண்டு. எரு லாரி ஏறி வயலுக்குப் போகிறது. மழை அதைக் கிணற்றில் சேர்க்கிறது.

இதைச் சொன்னால் 'நாமக்கல் முட்டை ஆபத்து' என்று அடுத்த ஊர்ப்பெயர் தயாராகிவிடும். 1982இல் விரிவான சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த புரதம் அது. அவித்த முட்டையில் பாக்டீரியா பிழைப்பதில்லை. கேள்வி தட்டில் இருப்பதைப் பற்றியதல்ல, தீவன மூட்டையிலும் எருக்குழியிலும் இருப்பதைப் பற்றியது. முதலில் பாதிக்கப்படுபவர் எரு அள்ளுபவர்; எந்தச் சொல்லாடலிலும் அவருக்குப் பெயர் இல்லை.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி. சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. கோழி ஒரு துறைக்கு, மனிதர் இன்னொரு துறைக்கு என்ற பிரிவினை நாம் போட்டது. பிளாஸ்மிட் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. கோழி எச்சத்திலும் கிணற்றுநீரிலும் நோயாளியின் ரத்தத்திலும் எந்த வகை பிளாஸ்மிட் என்ற பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். இந்தச் சமவெளியின் சமீபகால வரலாற்றை எழுதப் புகுபவருக்கு, கல்வெட்டைப்போல அதுவும் ஆவணம்தான்.