இரும்பும் எலும்புருக்கியும்

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 'அல்ஹதீத்' என்னும் பெயருடையது. இரும்பு என்பது அதன் பொருள். அதன் 25ஆம் வசனம் இரும்பின் கடுமையையும் அதனால் மக்கள் பெறும் பயனையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. கடுமைக்குப் படைக்கலங்களையும் பயனுக்குத் தொழிற்கருவிகளையும் விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவர். இன்றைய நுண்ணுயிரியலின் முடிவுகளை அவ்வசனத்தினுள் புகுத்திப் பெருமை கொள்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரே பொருள் இரு முகம் கொண்டு விளங்குவதை மனிதக் குருதிக்குள்ளும் காண நேரும்போது அவ்வசனம் நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆரணிப் பட்டு நெசவோடு இணைத்துப் பேசப்படும் தேசூர், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசியை அடுத்த ஊர். முன்னர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த பகுதி இது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆதரவில் யூனானி மருத்துவம் இம்மண்ணில் வேரூன்றிற்று. சித்த மருத்துவமோ அதற்கு முன்பே இங்கிருந்தது. இவ்விரண்டும் கைகோத்த இடங்களுள் ஒன்று இரும்பு. முகம் வெளுத்து மூச்சு வாங்குவோர்க்கு ஹகீம்கள் 'குஷ்தா ஃபவ்லாத்' தந்தனர். சித்த வைத்தியர்கள் 'அயச் செந்தூரம்' தந்தனர். இரண்டும் இரும்பைப் புடமிட்டு நீற்றிய மருந்துகளே.

தறியில் அமர்ந்து உழைப்பவர் மெலிந்து, வெளுத்து, இருமத் தொடங்கினால், "இரத்தம் வற்றிவிட்டது, இரத்தம் ஊற ஏதேனும் கொடுங்கள்" என்பது நெசவூர்களில் பழகிப்போன பேச்சு. அப்பேச்சில் பாதி உண்மை உண்டு. மறுபாதியில் ஆபத்து உண்டு. அந்த மறுபாதி எவ்வாறு அறியப்பட்டது என்னும் வரலாற்றையே நாம் இங்குக் காண்கிறோம்.

நுரையீரல் புண்பட்டு உடல் உருகும் நோயை அரபு மருத்துவர்கள் 'ஸில்' என்றனர். இப்னு ஸீனா (மறைவு: ஹிஜ்ரி 428, கி.பி. 1037) தம் 'அல்கானூன் ஃபித்திப்' நூலில் அதனைத் தொற்றும் நோய்களுள் ஒன்றாக எண்ணினார். அதற்குக் காரணமான நுண்ணுயிரை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882இல்தான். அதற்கும் முன்பே பாரிஸ் நகர மருத்துவர் ஆர்மான் த்ரூசோ (1801–1867), எலும்புருக்கி கண்டவர்க்கு இரும்பு மருந்து தருவது அடங்கிக் கிடக்கும் நோயைக் கிளறிவிடும் என்று எச்சரித்திருந்தார். நோயாளிகளைக் கண்ட அனுபவம் அவரை அவ்வாறு சொல்லவைத்தது. ஏன் என்பதற்கான விடை அவர் காலத்தில் இல்லை.

உடலின் பூட்டும் கிருமியின் திறவுகோலும்

வளர்ந்த மனித உடலில் உள்ள இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் மட்டுமே. அதில் பெரும்பகுதி குருதியின் சிவப்பணுக்களில் இருக்கிறது. எஞ்சியதை உடல் திறந்து வைப்பதில்லை. குருதியில் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதனைப் பற்றிக்கொண்டு செல்கிறது. உயிரணுக்களுக்குள் ஃபெரிட்டின் அதனைச் சேமித்து வைக்கிறது. தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் லாக்டோஃபெரின் காவல் காக்கிறது. நோய் தொற்றியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரந்து, குருதியில் ஓடும் இரும்பைக் குறைத்துவிடுகிறது. ஆகவே நோயாளி வெளுத்துக் காணப்படுவது எப்போதும் ஊட்டக்குறைவால் மட்டும் நேர்வதன்று. எதிரிக்கு உணவு கிட்டாதபடி உடல் தன் களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

கிருமிக்கு இரும்பு ஏன் வேண்டும்? உணவை எரித்து ஆற்றல் பெறும் தொடர்வினையில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்கள் பலவற்றின் நடுவே இரும்பு இருக்கிறது. பெருகுவதற்குரிய டி.என்.ஏ.வின் கூறுகளை உருவாக்கும் நொதிக்கும் இரும்பு தேவை. நம் வெள்ளணுக்கள் வீசும் பெராக்சைடு நஞ்சை முறிக்கும் நொதிக்கும் அதுவே உயிர்நாடி.

இதற்காகக் கிருமி வைத்திருக்கும் திறவுகோல், மாட்டு நோய் ஒன்றை ஆராய்ந்தபோது தற்செயலாக வெளிப்பட்டது. கால்நடைகளின் குடலைத் தாக்கும் ஜோனே நோய்க் கிருமி ஆய்வுக்கூடத்தில் வளர மறுத்தது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகளின் சாற்றைச் சேர்த்தால் வளர்கிறது என்று 1912 அளவில் ஃப்ரெடெரிக் ட்வார்ட்டும் இங்கிராமும் இங்கிலாந்தில் கண்டனர். அச்சாற்றிலிருந்த பொருள் 1940களின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்டு 'மைக்கோபாக்டின்' எனப் பெயர் பெற்றது. இரும்பை இறுகப் பற்றிக் கிருமிக்குள் கொண்டு சேர்ப்பதே அதன் தொழில். காசநோய்க் கிருமியும் இத்தகைய மைக்கோபாக்டினைத் தானே செய்துகொள்கிறது.

சென்னை தந்த பாடம்

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன கூடிச் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். ஏழை நோயாளிகளுள் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறுசாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாரார்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைத் தந்தனர். ஓய்வும் நல்லுணவும் பெற்றவர்களைப் போலவே, எளிய உணவுண்டு சிறு வீடுகளில் வாழ்ந்தவர்களும் குணமடைந்தனர் என்று 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிற்று.

அம்மருந்துகள் இரண்டு: ஐசோனியாசிட், பாஸ். இவை செயற்படும் விதம் அன்று தெளிவாகியிருக்கவில்லை. ஐசோனியாசிட் தன்னளவில் கிருமியைக் கொல்வதில்லை. கிருமியின் 'காட்-ஜி' என்னும் நொதியே அதனை நஞ்சாக மாற்றுகிறது என்பது 1992இல் வெளிவந்த ஆய்வுக்குப் பின்னர்த் தெளிவாயிற்று. பெராக்சைடை முறிக்கும் நொதி என்று மேலே நாம் குறித்தது இதுவே. இரும்பேந்திய ஹீம் இதன் மையம். தன்னைக் காக்க இரும்பைக் கொண்டு கிருமி கட்டிய கேடயமே அதற்குக் கூற்றாகிறது. அந்நொதி பழுதுபட்ட கிருமிகளிடம் மருந்து தோற்கிறது.

பாஸின் வரலாறு அறிஞர்க்குரிய பணிவைக் கற்பிப்பது. மைக்கோபாக்டினைச் செய்யக் கிருமிக்குச் சாலிசிலிக் அமிலம் வேண்டும். பாஸோ அதன் சாயலுடையது. ஆகவே அது கிருமியின் இரும்புவரவைத் தடுத்தே கொல்கிறது என்று 1972இல் ராட்லெட்ஜும் பிரவுனும் கருதினர். அழகிய கருத்துதான். எனினும் அம்மருந்து முதன்மையாக ஃபோலேட் ஆக்கப் பாதையினுள் நுழைந்தே கேடு விளைக்கிறது என்று 2013இல் காட்டப்பட்டது. அழகு மட்டும் உண்மைக்குச் சான்றாவதில்லை.

இரும்பு கிட்டாத கிருமி செத்துவிடுகிறதா என்ற வினாவுக்கு 2017இல் கிடைத்த விடை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இரும்பின்றிப் பட்டினியிட்ட காசநோய்க் கிருமிகள் பெருகுவதை நிறுத்தி, வினைகளைச் சுருக்கிக்கொண்டு, வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன. இரும்பு மீண்டும் கிட்டியதும் வளரத் தொடங்கின. த்ரூசோ கண்ணால் கண்டு அஞ்சியதற்கு ஏற்ற விளக்கமாக இது அமைகிறது.

சோமாலியாவின் எச்சரிக்கை

மனிதரிடமும் இதற்குச் சான்றுண்டு. இரும்புக் குறைவுடைய சோமாலிய நாடோடிகள் 137 பேரிடம் முர்ரே குழுவினர் நடத்திய ஆய்வு 1978இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை பெற்றோரிடையே 7 தொற்றுகளும், இரும்பு பெற்ற 71 பேரிடையே 36 தொற்றுகளும் நேர்ந்தன. ஒடுங்கிக் கிடந்த மலேரியா, புருசெல்லா, காசநோய் ஆகியன அவர்களிடம் மீண்டெழுந்தன. நம் சகோதரர்களின் ஏழ்மைக்கு இரங்கித் தந்த மருந்தே அவர்களுக்குச் சோதனையாயிற்று.

இதனைக் கொண்டு இரும்பையே பகையாக்குவது மற்றொரு பிழையாகும். கருவுற்ற பெண்ணுக்கும் வளரும் பெண்பிள்ளைக்கும் இரும்புக் குறைவு பெருந்தீங்கு. காசநோயுற்ற கருவுற்ற பெண்களுக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டல். கிருமிக்கு அஞ்சி நோயாளியின் உணவைக் குறைப்பதும் தகாது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தார்க்குக் கூடுதல் உணவு தந்தபோது அவர்களிடையே புதிதாய்க் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது.

பிழை இரும்பில் இல்லை, முறைமையில் இருக்கிறது. வெளுப்போடு இரண்டு வாரம் நீடித்த இருமலும் மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால், முதலில் தேட வேண்டியது சளிப் பரிசோதனையே. செந்தூரமோ சத்து மருந்தோ அன்று. கிருமி மருந்தால் அடங்கத் தொடங்கினால் உடல் தன் பூட்டைத் தானே தளர்த்துகிறது. இரும்பு தராமலே பலருக்குக் குருதி தேறுகிறது. அதன்பின்னும் குறைவிருந்தால் மருத்துவர் இரும்பு தருவார்.

தேசூரின் தறிவீடுகளில் இனி ஒருவர் வெளுத்து இருமும்போது, "இரத்தம் ஊற ஏதேனும் கொடுங்கள்" என்பதற்கு முன், "சளியைச் சோதித்தாயிற்றா?" என்ற கேள்வி எழ வேண்டும். இரும்பின் பயனை நாடுவோர் அதன் கடுமையையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தேடுவது நம்மீது கடமை, குணமளிப்பவன் அல்லாஹ்வே.