பாலிமர் கைத்துப்பாக்கிப் பிடித் திருத்தம்

நைலான் வகை பிளாஸ்டிக்கில் வார்த்த கைத்துப்பாக்கிச் சட்டத்தின் பிடியை உரிமையாளர் தன் கைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ளும் வேலை, அமெரிக்காவில் பரவலானது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970-இல் வெளியிட்ட விபி70 இவ்வகைச் சட்டத்தின் முன்னோடி. ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் ஏற்ற கிளாக் 17 அதை உலகெங்கும் பரப்பியது.

பழைய உலோகத் துப்பாக்கிகள் பலவற்றில் பிடியின் பக்கத் தகடுகளைத் திருகு கழற்றி மாற்றிவிடலாம். பாலிமரில் பிடியும் சட்டமும் ஒரே வார்ப்பு என்பதால் பொருளையே தேய்க்கவோ உருக்கவோ வேண்டியிருக்கிறது. விரல் மேடுகளை உப்புத்தாளால் இழைப்பார்கள். நடுவிரல் உரசும் விசைக்காப்பின் அடிப்பகுதியைச் சற்றே குடைவார்கள். வியர்த்த கை வழுக்காதிருக்க, சால்டரிங் அயர்னின் சூடான நுனியால் நெருக்கமாகப் புள்ளியிடுவார்கள். இதில் கெடுதலான புகை எழும், காற்றோட்டம் கட்டாயம்.

தேய்த்தது திரும்பாது. சுவர் மெலிந்தால் சட்டம் பலவீனப்படும், தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பறிபோகலாம். சட்டத்தில் பதித்த தொடர் எண்ணைச் சிதைப்பது அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம்.

வால்தர் பி99, 2010-இல் வந்த நான்காம் தலைமுறை கிளாக் போன்றவற்றில் பிடியின் பின்பகுதியையே அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி உள்ள துப்பாக்கியில் அரத்தை எடுக்கத் தேவையே இல்லை.