ஆக்சிஜன் பெயரில் ஏறிய புளிப்பு

'ஆக்சிஜன்' என்ற சொல்லைப் பிரித்தால் இரண்டு கிரேக்க வேர்கள் கிடைக்கும். 'ஆக்சிஸ்' என்றால் கூர்மை. நாக்கில் பட்டால் புளிப்பு. 'ஜன்' பிறப்பைக் குறிக்கும் வேர். இரண்டையும் சேர்த்தால் 'புளிப்பைப் பிறப்பிப்பது', அதாவது அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள் வரும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு இந்த வாயு. அதற்குச் சுவையும் கிடையாது, வாசனையும் கிடையாது. அமிலத்துக்குப் புளிப்பைக் கொடுப்பதும் அது இல்லை. ஆனாலும் 200 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பெயர் மாறாமல் நிற்கிறது.

லத்தீன், கிரேக்க வேர்களைக் கற்று ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கும் முறையை நம் ஊர் மாணவர்கள் நன்றாக அறிவார்கள். நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் மேசையில் கிடக்கிறது. நல்ல முறைதான். ஒரு வேர் தெரிந்தால் பத்துச் சொற்கள் வசப்படும். ஆனால் வேர் காட்டுவது பொருளின் இயல்பை அல்ல, பெயர் வைத்தவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை. இதைப் புரிந்துகொள்ள ஆக்சிஜனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வாயுவை முதலில் பிரித்தெடுத்தவர்கள் வேறு பெயர்களைத்தான் வைத்தார்கள். சுவீடனைச் சேர்ந்த மருந்தாளர் ஷீலே இதை 'நெருப்புக் காற்று' என்றார். இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஓர் அடி விட்டமுள்ள பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சிவப்பு நிறப் பாதரசச் சுண்ணத்தைச் சூடாக்கினார். வெளிவந்த காற்றில் மெழுகுவத்தியைக் காட்டியபோது சுடர் ஓங்கி எரிந்தது. எரியும் பொருள் எல்லாவற்றிலும் 'பிளாஜிஸ்டன்' என்று ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்பது அக்கால வேதியியலாரின் நம்பிக்கை. அதனால் பிரீஸ்ட்லி தான் கண்டதற்கு 'பிளாஜிஸ்டன் நீங்கிய காற்று' என்று பெயரிட்டார். இல்லாத ஒரு பொருள் நீங்கியதாகச் சொல்லும் பெயர் அது.

அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸில் ஒரு விருந்தில் பிரீஸ்ட்லி தன் சோதனையைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்துவான் லவாய்சியர். எரிதல் என்பது எதுவும் வெளியேறுவது அல்ல, காற்றின் ஒரு பகுதி வந்து சேர்வது என்று எடை போட்டுக் காட்டியவர் அவர். கந்தகத்தை எரித்து வரும் புகையை நீரில் கரைத்தால் அமிலம். பாஸ்பரஸை எரித்தாலும் அமிலம். கரியை எரித்து வரும் வாயுவும் நீரில் லேசாகப் புளிக்கும். எல்லாவற்றிலும் சேர்ந்தது இந்த ஒரே காற்று. அப்படியானால் அமிலத்தன்மைக்குக் காரணம் இதுதான் என்று அவர் முடிவு கட்டினார். 1777இல் எழுதிய ஆய்வுரையில் கிரேக்க வேர்களைக் கொண்டு பெயரும் வைத்தார். அதுவே 1787இல் அவரும் நண்பர்கள் மூவரும் வெளியிட்ட வேதியியல் பெயரீட்டு நூலில் 'ஆக்சிஜேன்' என்று நிலைபெற்றது.

அவர் கையிலிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் இது நியாயமான முடிவு. முக்கியமாக இடித்தது ஓர் அமிலம். உப்பிலிருந்து எடுக்கும் மியூரியாட்டிக் அமிலம் அது. 'மியூரியா' என்றால் லத்தீனில் உப்புநீர். இன்று பாத்ரூம் கழுவக் கடையில் வாங்கும் ஆசிட் அதுதான். நம் இரைப்பையில் சுரப்பதும் அதுதான். அதிலும் ஆக்சிஜன் ஒளிந்திருக்கும், ஒருநாள் பிரித்துவிடலாம் என்று லவாய்சியர் நம்பினார். அந்த நாள் வருவதற்குள், 1794 மே 8ஆம் தேதி பிரெஞ்சுப் புரட்சி அரசு அவர் தலையை வெட்டியது. 1810இல் லண்டனில் வேதியியலார் ஹம்ஃப்ரி டேவி அந்த அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை என்று அறிவித்தார். அதிலிருந்து வரும் பச்சை வாயு தனித் தனிமம் என்றும் சொன்னார். அதற்கு முன்பே சோடியம், பொட்டாசியம் இரண்டையும் பிரித்து, காரங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று காட்டியவரும் அவரே. ஆக்சிஜன் இல்லாமல் அமிலம் இருக்கிறது, ஆக்சிஜன் இருந்தும் காரமாக இருக்கிறது. அப்புறம் அந்தப் பெயருக்கு என்ன ஆதாரம்?

பச்சை வாயுவுக்கு டேவி பெயர் வைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கோட்பாடு எதையும் அதன்மேல் ஏற்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை எடுத்துக்கொண்டார். வெளிர்பச்சைக்குக் கிரேக்கத்தில் 'குளோரோஸ்'. வாயு குளோரின் ஆயிற்று. இலைக்குப் பச்சை நிறம் தரும் குளோரோஃபிலிலும் அதே வேர்தான் இருக்கிறது. குளோரின் அதில் கிடையாது. வேரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இதுவும் ஓர் எச்சரிக்கை.

'ஆக்சி' என்ற வேரைப் பிடித்துப் போனால் பிரசவ அறைக்கே போகலாம். வலி எடுக்கப் போடும் ஆக்சிடோசின் ஊசிக்கும் ஆக்சிஜனுக்கும் சம்பந்தம் இல்லை. கூர்மை என்ற பொருள் விரைவு என்றும் விரிந்தது; 'டோக்கோஸ்' பிள்ளைப்பேறு; ஆகவே விரைந்த பேறு. ஆக்சிமோரான் என்ற முரண்தொடரில் கூர்மையும் மந்தமும் சேர்ந்து நிற்கின்றன. ஆங்கிலத்தின் ஆசிட், அக்யூட், அக்யுபங்சர் மூன்றும் லத்தீன் வழி வந்தவை, ஆனால் எல்லாம் கூர்மையைக் குறிக்கும் அதே பழைய வேரின் கிளைகள். பல் கூசவைக்கும் புளிப்பை 'குத்துவது' என்று உணர்ந்தவர்களின் மொழி அது.

'ஜன்' கதை இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் அந்த ஈறு 'பிறந்தவன்' என்ற பொருளில்தான் பெரும்பாலும் வரும். டயோஜெனிஸ் என்றால் சீயஸ் கடவுளுக்குப் பிறந்தவன். அப்படிப் பார்த்தால், அதே ஈற்றோடு பெயர் பெற்ற ஹைட்ரஜன் 'நீரில் பிறந்தது' என்றல்லவா ஆகிறது, 'நீரைப் பிறப்பிப்பது' எப்படி ஆகும் என்று சிலர் கடுமையாகக் கேட்டார்கள். 1789இல் வந்த தன் பாடநூலில் லவாய்சியர் ஓர் அடிக்குறிப்பில் இதற்குப் பதில் எழுதினார்: நீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் வருகிறது, ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்தால் நீர் வருகிறது, எனவே இரண்டு பொருளும் பொருந்தும். இலக்கணம் எப்படியிருந்தாலும் வழக்கு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அலர்ஜன், ஆன்டிஜன், கார்சினோஜன் என்று இன்றைய அறிவியல் ஆங்கிலத்தில் 'உண்டாக்குவது' என்ற பொருளில் வரும் ஜன் எல்லாம் அவர் திறந்த வழியில் வந்தவை.

இன்னொரு ஈறும் அந்த 1787 நூலின் கொடை. 'ஆக்சைடு' என்ற சொல்லில் முற்பாதி ஆக்சிஜேன். பிற்பாதி பிரெஞ்சு 'அசீது', அதாவது அமிலம். அந்த வாலைக் கத்தரித்து மற்றவற்றிலும் ஒட்டினார்கள்: குளோரைடு, சல்ஃபைடு, பற்பசையின் ஃபுளோரைடு. அமிலமே அல்லாத சமையல் உப்பின் வேதியியல் பெயரிலும் அமிலத்தின் வால் இருக்கிறது.

நைட்ரஜனுக்கு அந்த நூல் வைத்த பெயர் 'அசோட்'. 'உயிரற்றது' என்று பொருள். அதில் அடைத்த விலங்கு செத்துப்போனதால் வந்த பெயர். ஜுவாலஜியில் இருக்கும் 'ஜோ' என்ற உயிர்வேர் இங்கே எதிர்மறை முன்னொட்டோடு நிற்கிறது. ஆனால் உயிருள்ள எதுவும் புரதமில்லாமல் இல்லை, புரதம் நைட்ரஜன் இல்லாமல் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அசோட் என்றே சொல்கிறார்கள். நம் மருந்துக்கடைகளில் விற்கும் அசித்ரோமைசின் மாத்திரையின் பெயரில் முதலில் வரும் 'அசி'யும் அந்த நைட்ரஜனைக் குறிப்பதுதான்.

மற்ற மொழிகளுக்குப் போனபோது பெயரின் பிழையும் கூடவே போனது. ஜெர்மானியர் 'சாவர்ஸ்டாஃப்', புளிப்புப் பொருள் என்றார்கள். ஜப்பானியரின் 'சான்சோ'வும் அமிலத் தனிமம்தான். சீனர் மட்டும் 'வளர்ப்பது' என்ற சொல்லை அடியாகக் கொண்டு 'யாங்' என்று வைத்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஒட்சிசன்' என்று ஒலியை எடுத்துக்கொண்டன. தமிழில் வழங்கும் பிராணவாயு, உயிர்வளி இரண்டும் லவாய்சியரின் கோட்பாட்டைத் தொடாமல், வாயு செய்யும் வேலையைச் சொல்கின்றன. பொருளின் உண்மைக்கு இவையே நெருக்கமானவை என்பது என் கருத்து.

வேர்ச்சொற்களைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலில் வேருக்கு எதிரே பொருளை எழுதுவதோடு நிறுத்தாமல், அந்தச் சொல்லைப் படைத்தவர் யார், எந்த ஆண்டு என்பதையும் கிடைத்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல ஆங்கில அகராதிகளில் சொற்பிறப்புக் குறிப்பு அந்தந்தச் சொல்லோடு கூடவே இருக்கிறது. ஆக்சிஜன், குளோரின், அசோட் என்ற இந்த மூன்றிலிருந்தே தொடங்கலாம்.