ஆட்டத்துக்குப் பின்னால் போகிற ரயில்

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை காலை. சேப்பாக்கத்தில் வங்கதேசத்துடனான டெஸ்டின் நான்காம் நாள். முந்தின நாள் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையாதலால் வங்கிக்கு வேலை நாள். எனக்கு வாய்த்தது இந்த ஒரு காலைதான். அஸ்வின் 88 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். மதிய இடைவேளைக்கு முன்பே இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது இவ்வளவே.

ஒரு ஓவர் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் என் வரிசையில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். காலரிகளுக்கு இடைப்பட்ட சந்தில் பறக்கும் ரயில் போய்க்கொண்டிருந்தது. வாசலில் கம்பியைப் பிடித்து நின்ற ஓர் உருவம் மைதானத்துக்குள் எட்டிப் பார்த்தது. சில விநாடிகள்தான். பிறகு காலரி அதை மறைத்துவிட்டது. நாங்களும் பந்துக்குத் திரும்பிவிட்டோம். ஸ்கோர் புத்தகத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

நான் இனயத்துக்காரன். எங்கள் கரையில் ரயில் இல்லை. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது 1856-ல். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-ல். நாகர்கோவில் திருநெல்வேலியோடு இணைந்தது 1981-ல். அந்தப் பாதையும் கடலைத் தொடாமல் குழித்துறை, பள்ளியாடி, இரணியல் என்று உள்ளோடு ஒதுங்கிப் போகிறது. சிறு வயதில் ரயில் எனக்கு யாராவது நோயாளியைப் பார்க்கத் திருவனந்தபுரம் போகும்போது மட்டும் கிடைக்கிற காட்சி. ஆகவே தலையைத் திருப்பியதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்தவர்கள் தினமும் அதே ரயிலில் ஆபீசுக்குப் போகிறவர்களாக இருக்கக்கூடும். பணம் கொடுத்து, வரிசையில் நின்று உள்ளே வந்தவர்கள் எதற்காகத் தங்கள் தினசரி ரயிலைப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் பழைய விவரங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

மைதானத்துக்குப் பக்கத்தில் ரயில் என்பது சேப்பாக்கத்தின் தனிச் சொத்தல்ல. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம் என்பதே ரயிலுக்குப் பின்னால் வந்த விஷயம். அவர்களைக் கொண்டுவந்து கொட்டவும் திருப்பி அள்ளிப் போகவும் ஒரு சாதனம் வேண்டியிருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 161-ஆம் தெருவின் உயரப் பாதை ரயில் நிலையம் 1917-ல் வந்தது. யாங்கி ஸ்டேடியம் 1923-ல். அந்தப் பழைய ஸ்டேடியத்தில் இருந்த திறப்பு வழியாக, பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு துண்டை இலவசமாகப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அதே திறப்பில் ரயில். பம்பாயில் வான்கடே ஸ்டேடியம் தண்டவாளத்தை ஒட்டியே நிற்கிறது. சர்ச்கேட்டுக்கும் மரீன் லைன்சுக்கும் இடையே லோக்கல் வண்டிகள் ஆட்டத்தைச் சட்டை செய்யாமல் போய்வருகின்றன. டிக்கெட் ஒதுக்கீட்டில் இரண்டு ஸ்தாபனங்களுக்குள் மூண்ட சண்டையில் பிறந்து, 1975 ஜனவரியில் முதல் டெஸ்டைக் கண்ட மைதானம் அது. யார் உள்ளே உட்காரலாம் என்ற சண்டைக்குப் பக்கத்திலேயே, உள்ளே வரமுடியாதவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

இதன் கடைசி அவஸ்தையை ஹூஸ்டனில் பார்க்கலாம். 1911-ல் கட்டிய யூனியன் ஸ்டேஷன் கட்டிடத்தைச் சேர்த்துக்கொண்டு 2000-ல் ஒரு பேஸ்பால் மைதானம் திறந்தார்கள். பயணிகள் வண்டி அங்கே வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. அதனால் சுவரின் மேல் கொஞ்சம் தண்டவாளம் போட்டு, பழங்கால எஞ்சின் மாதிரி ஒன்றை நிறுத்தி, உள்ளூர் ஆட்டக்காரன் ஹோம் ரன் அடிக்கும்போது அதை ஓட்டுகிறார்கள். ஒரு பழம்பானக் கம்பெனியின் பெயர் மைதானத்துக்கு வந்தபோது எஞ்சினுக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழங்களையும் ஏற்றினார்கள். ரயில் ஆட்டத்தின் சேவகனாகிவிட்டது. எங்கேயும் போக வேண்டிய அவசியமில்லாத ரயிலை எத்தனை நேரம் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது.

சேப்பாக்கத்தில் வரிசை தலைகீழ். மைதானம் முதலில், ரயில் கடைசியில். நடுவில் வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்த நிலம் ஆற்காடு நவாபின் அரண்மனைத் தோட்டமாக இருந்தது. கடைசி நவாப் 1855-ல் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டம் போயிற்று. அரண்மனை சர்க்கார் கைக்கு வந்தது. 1846-ல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865-ல் இங்கே இடம் பெற்றது. இது வெள்ளைக்காரர்களின் கிளப். 1934-ல் ஜார்டினின் அணியுடன் முதல் டெஸ்ட், 1952-ல் வினூ மன்கட்டின் பந்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி என்று பின்னால் நடந்ததை எல்லாம் நமது கிரிக்கெட் எழுத்தாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

1865-க்கும் 1934-க்கும் நடுவே, மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் 1877-78-ல் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதற்கு முன்பே சென்னைக்கு வடக்கே கால்வாய் உண்டு. 1806-ல் எண்ணூர்ப் பக்கம் பேசில் காக்ரேன் தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் நீளம் மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. ராஜதானி எங்கும் ஜனங்கள் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குச் சும்மா சோறு போடக்கூடாது என்பது அன்றைய பொருளாதார வேதம். ஆகவே வேலை கொடுத்தார்கள். பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டியதுதான் சேப்பாக்கத்தை ஒட்டிப் போகிற பகுதி. கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயரிட்டார்கள்.

அந்தக் காலத்தில் நிவாரணக் கூலி என்றால் என்ன? 1877 தொடக்கத்தில் பஞ்சத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். மண் சுமக்கிறவன் இதில் உயிர் வைத்திருக்க முடியாது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். சில மாதம் கழித்துக் கூலி கொஞ்சம் உயர்ந்தது. பஞ்சம் முடிவதற்குள் இந்தியாவில் அரைக் கோடிப் பேருக்கு மேல் செத்துப்போயிருந்தார்கள். அதே வருஷங்களில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரயில் வந்தால் பஞ்சம் வராது என்று சொல்லித்தான் போட்டார்கள். தானியத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக ரயிலுக்குத் தெரியும், வாங்கக் காசில்லாதவன் கையில் கொடுக்கத் தெரியாது.

படகுகளின் காலம் முடிந்து கால்வாய் சாக்கடையான பிறகு, நகரம் அதைக் காலி இடமாகப் பார்க்க ஆரம்பித்தது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை இல்லாமல் தூண் நட இதைவிடத் தோதான இடம் ஏது? 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும் 1997-ல் மயிலாப்பூர் வரையிலும் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 2011 உலகக் கோப்பைக்காகப் புதிய காலரிகள் எழுந்தபோது, கடற்காற்று வரட்டும் என்று கட்டிடக் கலைஞர்கள் இடையிடையே சந்து விட்டார்கள். காற்றோடு ரயிலும் தெரிகிறது. நாங்கள் அன்று திரும்பிப் பார்த்த வண்டி பஞ்சத்தில் தோண்டிய பள்ளத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

டிரினிடாட்காரரான ஸி. எல். ஆர். ஜேம்ஸ் 1963-ல் வெளியிட்ட ‘பியாண்ட் எ பவுண்டரி’ என்ற நூலை, சிறுவனாகத் தன் வீட்டு ஜன்னலில் நின்று மைதானத்தைப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறார். எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்பவன் ஆட்டத்தை எப்படி அறிகிறான் என்பது அவருடைய பிரச்சினை. நமக்கு அதன் மறுபாதியும் வேண்டியிருக்கிறது: உள்ளே உட்கார்ந்திருப்பவன் வெளியே எதைக் காண்கிறான்? ரயில் பெட்டியில் நிற்பவனுக்கு ஆட்டத்தின் ஒரு துண்டு கிடைக்கிறது. ஸ்கோர் தெரியாது, யார் பந்து போடுகிறான் என்பதும் தெரியாது. காலரியில் இருப்பவனுக்கு ரயிலின் ஒரு துண்டு. அது எங்கிருந்து வருகிறது, எதன் மேல் போகிறது என்று தெரியாது. இரண்டும் ஒரே அளவு அறியாமைதான். ஆனால் நமது சரித்திரங்களை எழுதுகிறவர்கள் எப்போதும் காலரியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதனால் மன்கட்டின் 12 விக்கெட்டுக்குக் கணக்கிருக்கிறது. கால்வாயில் மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

இதை மைதானத்தின் மீது குற்றமாகச் சொல்லவில்லை. ஆட்டம் என்றால் வெளியுலகைக் கொஞ்ச நேரம் மூடி வைப்பதுதான். நானும் அதற்காகவே போகிறேன். ஆனால் மூட முடியாத ஒரு சந்து இருக்கும்வரை தலை திரும்பும். அந்தத் திருப்பத்தை வெறும் கவனச் சிதறல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. காரணம் எங்கள் ஊர்.

இனயத்தில் மாலை நேரம் மணலில் கால்பந்து நடக்கும். இரண்டு பக்கமும் நட்ட கம்புகள்தான் கோல். வலை பின்னுகிறவர்கள், கிழவர்கள் எல்லோரும் கரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாராவது ஒருவர் திடீரென்று பந்தை விட்டுக் கடலைப் பார்ப்பார். ஒருவர் பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள். “அது ஆருக்க வள்ளம்?” என்பார் எங்கள் தாத்தா. யாராவது பெயர் சொன்னதும் ஆட்டத்துக்குத் திரும்புவார்கள். அங்கே தலையைத் திருப்புவது பொழுதுபோக்கல்ல. ஆள் திரும்பி வருகிறானா என்ற கணக்கு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தது. குமரிக் கரையில் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பல மாலைகள் பந்து உருளவில்லை. ஆனாலும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்கு முந்திய வருஷம், 2016 ஜூலையில், இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய மந்திரிசபை கொள்கையளவில் சம்மதம் கொடுத்திருந்தது. கரை ஜனங்கள் எதிர்த்தார்கள். திட்டம் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்ந்தது, அங்கும் எதிர்த்தார்கள். வந்திருந்தால் கப்பலுக்குப் பின்னாலேயே தண்டவாளமும் வந்திருக்கும், எங்கள் மணலிலிருந்தும் ரயிலைப் பார்த்திருக்கலாம். வரைபடத்தில் எங்கள் கரையும் காலி இடமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று ஆட்டம் முடிந்து சேப்பாக்கம் நிலையத்தில் ஏறினேன். கடற்கரைப் பக்கம் பாதை வேலை நடந்ததால் அந்த வருஷம் வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றன. வேளச்சேரிப் பக்கம் போகிற வண்டி. வாசலில் நின்று பார்த்தேன். காலரிச் சந்தில் மைதானம் ஒரு கணம் வந்து போயிற்று, அநேகமாகக் காலியாயிருந்தது. திருவல்லிக்கேணி வருவதற்குள் குனிந்து கீழே பார்த்தேன். தூண்களுக்கு நடுவில் தண்ணீர் கறுப்பாக நின்றுகொண்டிருந்தது.