பின்னப் பெருக்கம்

ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் பெருக்குதல், அதாவது ஒரு முழுமையின் பகுதியில் மீண்டும் ஒரு பகுதியைக் காணுதல், பின்னப் பெருக்கம் எனப்படும். தொகுதியெண்ணைத் தொகுதியெண்ணாலும் பகுதியெண்ணைப் பகுதியெண்ணாலும் பெருக்கி, முன்னதை மேலும் பின்னதைக் கீழும் எழுதி, இயன்றவரை சுருக்குவதே இதன் விதி. 2/3 × 3/4 = 6/12 = 1/2 என்பது உதாரணம். விதி ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுவதாலேயே அதை மனனம் செய்வித்துவிட்டு அப்பால் செல்லும் வழக்கம் பள்ளிகளில் வேரூன்றியது. ஆயினும் பின்னங்களைக் கூட்டுவதற்குப் பொதுப் பகுதியெண் வேண்டும் என்று நேற்றுக் கற்ற மாணவன், பெருக்குவதற்கு மட்டும் அது ஏன் வேண்டாம் என்றும், பெருக்கினால் வளர வேண்டிய தொகை இங்கே ஏன் தேய்கிறது என்றும் வினவுவானாயின், அவ்விரு வினாக்களுக்கும் அந்த வாக்கியத்தில் விடையில்லை.

விடை பெருக்கல் குறியின் பொருளில் இருக்கிறது. முழு எண்களிடையே 'தடவை' என்று பொருள்படும் அக்குறி, பின்னங்களிடையே வரும்போது 'இல்' என்னும் வேற்றுமை உருபின் தொழிலைச் செய்கிறது. 1/2 × 1/4 என்பது 'காலில் அரை'. ஒரு கொப்பித்தாளை நீளவாக்கில் நான்காக மடித்து விரித்து, மூன்று பட்டைகளுக்கு நிறந்தீட்டி, பிறகு குறுக்குவாக்கில் மூன்றாக மடித்து விரித்தால், பன்னிரண்டு கட்டங்கள் தோன்றும். நிறந்தீட்டிய பட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கை எண்ணிப் பார்க்கும் சிறுவன் ஆறு கட்டங்களைக் காண்பான், அது பாதித் தாள் என்பதையும் தானே கண்டுகொள்வான். பகுதியெண்கள் ஏன் பெருகுகின்றன என்பதற்கு, நான்கு பட்டைகளையும் குறுக்கு மடிப்புகள் மும்மூன்றாக வெட்டிய அந்தப் பன்னிரண்டு கட்டங்களைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை.

தமிழ் மொழி இந்தப் பொருளை எண்ணுப் பெயர்களிலேயே பொதிந்து வைத்திருப்பது பெரிதும் போற்றத்தக்க விசேஷம். கால் என்பது 1/4. அரையும் காலும் இடையே எவ்வுருபுமின்றி அடுத்தடுத்து நிற்கும்போது அரைக்கால், அதாவது 1/8, பிறக்கிறது. இது பெருக்கல். இரு பின்னப் பெயர்களுக்கு நடுவே ஓர் ஏகாரம் புகுந்தாலோ கூட்டல்: காலே அரைக்கால் 3/8, முக்காலே அரைக்கால் 7/8. அன்றாடப் பேச்சில் 'ஏறக்குறைய முழுவதும்' என்ற கருத்தில் வழங்கும் 'முக்காலே மூணு வீசம்' என்ற தொடரும் முக்காலோடு மூன்று வீசத்தை, அதாவது 3/16ஐ, கூட்டிய 15/16 என்னும் துல்லியமான எண்ணே. இவ்வாறு ஓர் எழுத்தின் வரவால் கூட்டலையும் அதன் இன்மையால் பெருக்கலையும் வேறுபடுத்திக் காட்டும் மொழியைப் பேசிக்கொண்டே வகுப்பறைக்கு வரும் குழந்தைக்கு, பின்னப் பெருக்கம் முற்றிலும் அந்நியமான வித்தையன்று.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஓதிய பிள்ளைகள் கீழ்வாயிலக்கம் என்ற பகுதியில் இப்பின்னங்களைப் படித்தனர். 1/20 மா, 1/80 காணி, 1/160 அரைக்காணி, 1/320 முந்திரி. முந்திரிக்கும் கீழே சென்றபோது முன்னோர் புதுப்பெயர் தேடி அலையாமல், 'கீழ்' என்ற அடைமொழியை முன்னே சேர்த்து, அதற்கு 1/320ஆல் பெருக்குதல் என்ற பொருளைத் தந்தனர். எனவே கீழரை 1/640, கீழ்முந்திரி 1/102400. சமஸ்கிருத கணித சாஸ்திரத்திலோ, பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய பிராஹ்ம ஸ்புட சித்தாந்தம் இன்றைய விதியை வெளிப்படையாகவே கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியார் எழுதிய லீலாவதி, பங்கில் பங்கு காணும் கணக்குகளைப் 'பிரபாகம்' என்று தனி வகையாகவே பிரித்து வைத்தது.

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பங்கில் பங்கு காண்பது ஏட்டுக் கணக்காக மட்டும் இருந்ததில்லை. கண்டி இராச்சியத்து வயல்கள் அவற்றில் விதைக்கும் நெல்லின் அளவால் அளக்கப்பட்டன. ஓர் அமுணம் நான்கு பெலா, ஒரு பெலா பத்து லாஹ. ஆகவே அரைப் பெலா வயல், அமுணத்தின் 1/2 × 1/4 = 1/8, அதாவது ஐந்து லாஹ விதைப்பு. பரம்பரைச் சொத்தைத் துண்டாடாமல், உரிமையாளர் முறை வைத்து ஆண்டுக்கொருவராகப் பயிரிடும் 'தட்டுமாறு' என்ற வழக்கம் சிங்களக் கிராமங்களில் நெடுங்காலம் நிலவியது. மூன்று சகோதரருக்கு உரிய வயலில் ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாய்ப்பு வரும். அவர்களில் ஒருவர் நான்கு மக்களை விட்டு இறந்தால், அம்மக்களில் ஒவ்வொருவரும் 1/4 × 1/3 = 1/12 என்ற கணக்கில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே அவ்வயலில் ஏர் பூட்ட முடியும். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் பயன் சிறுத்துப்போகும் என்பதை எந்தக் கரும்பலகையும் இத்தனை உறைப்பாக உணர்த்தியிராது.

இன்றைக்கும் காணி உறுதிகளில் 'பிரிக்கப்படாத இருபத்துநாலில் ஒரு பங்கு' போன்ற தொடர்களை வாசிக்கிறோம். மேற்கூறிய மக்களில் ஒருவர் தம் பங்கில் பாதியை விற்றால் எழும் எண் அதுவே: 1/2 × 1/12. மூலக்காணி மூன்று ஏக்கராயின், 480 பேர்ச்சில் 1/24, அதாவது 20 பேர்ச், வாங்கியவருக்கு உரியது. 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டமும் அதன்பின் வந்த 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் இத்தகைய பங்குகளை நீதிமன்றத்தின் வழியே நிலத்தில் வரையறுத்துக்கொள்ள ஏற்பட்டவை. நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஒரு பகுதியெண் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் காணி பிழைக்கும்.

பேர்ச் என்ற அளவே பின்னப் பெருக்கத்துக்கு மிகச் சிறந்த அப்பியாசம். அது 5 1/2 யார் நீளமும் அதே அகலமும் உள்ள சதுரம். இதன் பரப்பைக் கேட்டால், ஐந்தை ஐந்தால் பெருக்கி 25 என்றும், அரையை அரையால் பெருக்கிக் கால் என்றும் கண்டு, 25 1/4 என்று விடை எழுதும் மாணவர் பலர். சதுரத்தை வரைந்து பார்த்தால் அவர்கள் விட்டது எதுவென்று புலப்படும். ஐந்துக்கு ஐந்து பெருஞ்சதுரம் ஒரு மூலையிலும், அரைக்கு அரைச் சிறுசதுரம் எதிர்மூலையிலும் அமைய, ஏனைய இரு மூலைகளிலும் ஐந்து யார் நீளமும் அரை யார் அகலமும் கொண்ட இரண்டு பட்டைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 2 1/2 சதுர யார். இரண்டும் சேர்ந்து ஐந்து. ஆகவே சரியான விடை 30 1/4. கலப்பெண்ணை முறைமையில்லாப் பின்னமாக்கி, 11/2 × 11/2 = 121/4 என்று போட்டாலும் அதே 30 1/4 வருகிறது. கலப்பெண்களைப் பெருக்குமுன் அவ்வாறு மாற்றிக்கொள்ளச் சொல்வதன் நியாயம், அந்த இரண்டு பட்டைகளையும் எவரும் கைவிடலாகாது என்பதே.

தேயிலைத் தோட்டங்களிலும் இக்கணக்கின் பிரயோகம் உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை மலைநாட்டையே மாற்றியமைத்தது. பறித்த பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, உலர்ந்து தூளாகும்போது ஏறத்தாழ நாலரைக் கிலோ ஒரு கிலோவாகிறது, அதாவது 2/9. ஆகவே ஒரு பெண் நாள் முழுதும் சரிவில் நின்று பறித்த 20 1/4 கிலோவிலிருந்து பெறப்படும் தேயிலை 81/4 × 2/9. இங்கே 81ஐயும் 9ஐயும் ஒன்பதாலும், 2ஐயும் 4ஐயும் இரண்டாலும் முன்கூட்டியே சுருக்கிக்கொண்டால் 9/2, நாலரைக் கிலோ என்று எளிதில் முடிகிறது. பெருக்கியபின் 162/36 என்ற எண்ணைச் சுருக்குவதைக் காட்டிலும் இம்முறை சுலபமானது என்பதோடு, பிழைக்கும் இடங்கொடாதது. குறித்த அளவு கொழுந்து சேராத நாளுக்கு 'அரைப்பேர்' மட்டும் பதியும் வழக்கத்தையும் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். பின்னம் அவர்கள் வீட்டுச் சம்பளத்துக்குள்ளேயே புகுந்திருக்கும் ஒன்று.

ஏக்கரும் பேர்ச்சும் ஆங்கிலேயர் கொணர்ந்த அளவைகளாயினும், பழைய தமிழ்ப் பின்னங்களோடு அவை வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றன. நான்கு ரூட் ஓர் ஏக்கராதலால் ஒரு ரூட் ஏக்கரில் கால்; நாற்பது பேர்ச் ஒரு ரூட்டாதலால் ஒரு பேர்ச் 1/40 × 1/4 = 1/160, அதாவது ஏக்கரில் அரைக்காணி. லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையகக் குடும்பங்களுக்குத் தனிவீடு கட்ட வழங்கப்பட்டு வந்த ஏழு பேர்ச் காணி, ஏக்கரில் 7/160, எண்சுவடி மொழியில் முக்காணியே அரைக்காணி; சதுர அடிக் கணக்கில் 7 × 272 1/4 = 1905 3/4.